சென்னையிலிருந்து பொறிவண்டு கொண்டுவரலாமா?

கேள்வி இதுதான். தெஹிவளையில் வீடு. முற்றத்துப் பப்பாசியிலும் மதிலோரத்து அரலியாவிலும் வெள்ளை வெள்ளையாக ஏதோ அப்பிக் கிடக்கிறது. அடுத்த மாதம் மச்சான் சென்னையிலிருந்து வருகிறார். அங்கே பெட்டியில் விற்கிற பொறிவண்டுகளை அவரிடம் கொண்டுவரச் சொல்லலாமா? கூடவே இன்னும் இரண்டு கேள்விகள். வெளிநாட்டுப் பூச்சியைக் கொண்டுவந்து விட்டால் அவுஸ்திரேலியாத் தேரைக் கதை மாதிரி ஆகிவிடாதா? வீட்டுக்குப் பின்னால் ஓடும் கால்வாய் முழுக்க ஆகாயத்தாமரை. அதைத் தின்னவும் ஒரு வண்டு இருக்கிறதாமே, ஏன் இங்கே விடுகிறார்கள் இல்லை?

முதல் கேள்விக்குப் பதில்: வேண்டாம். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. உயிருள்ள பூச்சியை அனுமதி இல்லாமல் பயணப் பையில் போட்டுக்கொண்டு கட்டுநாயக்கவில் வந்து இறங்க முடியாது. சட்டம் கிடக்கட்டும், அது இல்லாவிட்டாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். உங்களுக்கு வேண்டிய பூச்சி 2009இலேயே இந்த நாட்டுக்கு வந்து இறங்கிவிட்டது. அநேகமாக உங்கள் பப்பாசி இலையின் அடிப்பக்கத்திலேயே இப்போது வேலை செய்துகொண்டிருக்கும்.

உங்கள் மரத்தில் வெள்ளையாக அப்பிக் கிடப்பது அநேகமாகப் பப்பாசி வெண்மூட்டுப்பூச்சி. 2008ஆம் ஆண்டு கொழும்பு, கம்பஹா மாவட்டங்களில்தான் அது முதலில் கண்ணில் பட்டது. தமிழ்நாட்டில் மாவுப்பூச்சி என்பார்கள். மெக்சிகோ, மத்திய அமெரிக்கா அதன் சொந்த இடம். அதே வருடம் கோயம்புத்தூரிலும் கண்டார்கள். பப்பாசியோடு நின்றதா என்றால் இல்லை. மரவள்ளி, அரலியா, செவ்வரத்தை, காட்டாமணக்கு என்று கிடைத்த செடியில் எல்லாம் ஏறியது. தமிழ்நாட்டில் மல்பெரி வைத்திருந்தவர்கள் பட்டுப்புழுவுக்குப் போட இலையில்லாமல் தவித்தார்கள். எல்லாரும் மருந்து அடித்தார்கள். ஆனால் அந்தப் பூச்சியின் உடம்பு முழுக்க மெழுகுத் தூள், முட்டையோ பஞ்சுப் பொதிக்குள். மருந்து அதன்மேல் பட்டு வழிந்துவிடும். மருந்தில் செத்தவை பெரும்பாலும் அதைத் தின்ன வந்த பூச்சிகள்தான்.

மெக்சிகோவில் இது ஒரு பெரிய தொல்லையே இல்லை. அங்கே இதற்கென்றே சில ஒட்டுண்ணிக் குளவிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று அசெரோபாகஸ் பப்பாயே. குளவி என்றதும் கூரையில் கூடு கட்டிக் கொட்டுகிற சாதியை நினைக்க வேண்டாம். இது ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லை, மனிதரைக் கொட்டவும் தெரியாது. இளம் வெண்மூட்டுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும். பொரிக்கும் குடம்பி உள்ளேயிருந்தபடியே அதைத் தின்று முடித்து, ஓட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். அமெரிக்க விவசாயத் திணைக்களத்தினர் இந்தக் குளவியைப் புவேர்ட்டோ ரிக்கோவில் வளர்த்து வைத்திருந்தார்கள். அங்கிருந்து 2009இல் இலங்கைக்கும், 2010இல் வேறு இரண்டு இனக் குளவிகளோடு சேர்ந்து இந்தியாவுக்கும் வந்தது. இரண்டு நாட்டிலும் வேலை செய்தது. பூச்சி அடியோடு அழிந்து போகவில்லை. எண்ணிக்கை இறங்கி, மரம் தாங்கிக்கொள்ளும் அளவில் நின்றது. மழையில்லாத மாதங்களில் ஆங்காங்கே மறுபடி தலைதூக்கும். உங்கள் வீட்டில் நடப்பதும் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஊகத்தில் விடாமல் பார்த்தே முடிவு செய்யலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் கைவில்லை ஒன்று போதும். முதலில் ஒரு பூச்சியை நசுக்கிப் பாருங்கள்; மஞ்சளாக நீர் வரும். வீட்டில் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் இருந்தால் அதில் இரண்டொன்றைப் போட்டு வையுங்கள். கருநீலமாக மாறினால் பப்பாசி வெண்மூட்டுப்பூச்சிதான். அப்புறம் இலையின் அடிநரம்பு ஓரமாகத் தேடுங்கள். வெள்ளைக் கூட்டத்தின் நடுவே தூள் உதிர்ந்து, ஊதிப்போய், மண்ணிறமாக, நகத்தால் தட்டினால் கடினமாகச் சில தெரியும். அவை குளவி தின்ற கூடுகள். சிலவற்றின் ஒரு முனையில் ஊசியால் குத்தியது போல வட்டமான துளை இருக்கும். துளை இருந்தால் குளவி வெளியேறிவிட்டது, இல்லையென்றால் இன்னும் உள்ளே இருக்கிறது.

அந்தக் கூடுகள் கண்ணில் பட்டால், செய்ய வேண்டியது மருந்துப் போத்தலை எடுக்காமல் இருப்பதுதான். மோசமான இலைகளை வெட்டுங்கள். குழாய் நீரைப் பலமாக இலையின் அடியில் அடித்துக் கழுவுங்கள். தேவையென்றால் சவர்க்காரத்தை நன்றாக நீரில் கரைத்துத் தெளிக்கலாம். பட்ட பூச்சியை அது கொல்லும், காய்ந்த பிறகு இலையில் விஷம் எதுவும் நிற்காது, மறுநாள் வரும் குளவிக்குக் கேடு இல்லை. பப்பாசி இலை மென்மையானது என்பதால் முதலில் ஒரு இலையில் மட்டும் அடித்துப் பாருங்கள். வெட்டிய இலைகளில் மண்ணிறக் கூடு நிறைய இருந்தால் எரிக்காதீர்கள். பூச்சி மொய்த்த வேறொரு மரத்தின் அடியில் போட்டுவிட்டால் உள்ளே இருக்கும் குளவிகள் வெளிவந்து தங்கள் வேலையைப் பார்க்கும்.

எறும்பையும் கவனியுங்கள். பல வீடுகளில் குளவி இருந்தும் பூச்சி குறையாததற்கு எறும்புதான் காரணம். வெண்மூட்டுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதைச் சுற்றிக் காவல் நிற்கும், முட்டையிட வரும் குளவியை விரட்டும். தண்டைச் சுற்றிப் பொலித்தீன் பட்டி ஒன்றைக் கட்டி, அதன்மேல் கிரீஸ் பூசுங்கள். மதிலிலோ கம்பியிலோ முட்டிக்கொண்டிருக்கும் கிளைகளையும் வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் எறும்பு அந்த வழியாக ஏறிவிடும்.

இன்னொரு விஷயம் சொல்லாமல் போகக்கூடாது. அந்த வெள்ளைக் கூட்டத்துக்குள்ளே வெள்ளையாக இருப்பதெல்லாம் எதிரி இல்லை. ஸ்பால்ஜிஸ் எபியஸ் என்ற சிறிய மண்ணிற வண்ணத்துப்பூச்சி ஒன்று இருக்கிறது, நம் நாட்டதுதான். மற்ற வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் இலை தின்னும்; இதன் புழு வெண்மூட்டுப்பூச்சியைத் தின்னும். உடம்பெல்லாம் வெள்ளைத் தூளைப் போர்த்திக்கொண்டு கூட்டத்தின் நடுவிலேயே படுத்திருக்கும், எறும்பும் ஏமாந்துவிடும். அதன் கூட்டுப்புழுவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு குரங்கு முகம் உங்களை முறைப்பது போல இருக்கும். சிறிய பொறிவண்டு இனங்கள் சிலவற்றின் குடம்பிகளும் நீள நீளமான மெழுகு நூல்களோடு, பெரிய வெண்மூட்டுப்பூச்சி மாதிரியே தோன்றும். வேகமாக நடந்தால் அது பொறிவண்டுப் பிள்ளை. சனங்கள் இவற்றைத்தான் 'பெரிசு பெரிசா இருக்கு' என்று சொல்லி முதலில் நசுக்குகிறார்கள்.

இனி மச்சானின் பெட்டி. சென்னையில் வெண்மூட்டுப்பூச்சிக்கென்று விற்பது அநேகமாக கிரிப்டோலீமஸ் என்ற பொறிவண்டு. 1898இல் அவுஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. கெட்டிக்கார வண்டுதான், திராட்சைத் தோட்டங்களில் நல்ல பெயர். ஆனால் அது பலவகை வெண்மூட்டுப்பூச்சிகளைத் தின்னும், ஒன்றோடு நிற்காது. இரை குவிந்து கிடந்தால் இருக்கும், குறைந்தவுடன் பறந்துபோகும். ஒரு முற்றத்து மூன்று மரத்துக்கு அது பொருத்தமில்லை. பெட்டிக்குள் வண்டு மட்டும்தான் இருக்கிறது என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. அதோடு வரும் இரைப்பூச்சி, பூஞ்சணம், வண்டையே தின்னும் ஒட்டுண்ணி எல்லாம் சேர்ந்து வரலாம். ஆசியாவின் ஹார்மோனியா என்ற பொறிவண்டைச் செடிப்பேனுக்காக அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விட்டார்கள். இன்று அது அந்த ஊர்ப் பொறிவண்டுகளையே தின்று ஒடுக்குகிறது, குளிர்காலத்தில் வீடுகளுக்குள் கூட்டம் கூட்டமாகப் புகுகிறது. பொறிவண்டு என்றால் எல்லாம் நல்லது என்ற நினைப்பு படக்கதைகளில் மட்டும் சரி.

இது நேரே உங்கள் இரண்டாவது கேள்விக்குக் கொண்டுவருகிறது. தேரைக் கதை உண்மைதான். 1935இல் ஹவாயிலிருந்து 102 கரும்புத் தேரைகளைக் குயின்ஸ்லாந்துக்குக் கொண்டுபோய், பெருக்கி, கரும்பைக் கெடுக்கும் வண்டை ஒழிக்கவென்று தோட்டங்களில் விட்டார்கள். கரும்பு வண்டோ உயரத்தில் இலையைத் தின்கிறது, அதன் புழு மண்ணுக்குள் வேரைத் தின்கிறது. தேரை இரண்டுக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்து, வாயில் அகப்பட்ட வேறு எல்லாவற்றையும் தின்றது. அதன் தோலில் இருக்கும் விஷத்தால், அதைத் தின்னப்போன உடும்பு வகைகளும் குவோல் என்ற சிறு ஊனுண்ணிகளும் செத்தன. இதற்கு முன்பே, 1872இல் கல்கத்தாவிலிருந்து ஜமேக்காவுக்குக் கீரிகளைக் கொண்டுபோனார்கள், கரும்புத் தோட்டத்து எலியைப் பிடிக்க. எலி இரவில் திரிவது, கீரி பகலில் திரிவது. இது நம் ஊரில் கோழி வளர்க்கும் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

இந்த இரண்டிலும் பிழை வெளிநாட்டு உயிரைக் கொண்டுவந்ததில் மட்டும் இல்லை. எதையும் தின்னும் பிராணியை, எதைத் தின்னும் என்று சோதிக்காமல், ஏதோ நல்லது நடக்கும் என்று இறக்கினார்கள். தேரையையும் அசெரோபாகஸ் குளவியையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. பப்பாசி வெண்மூட்டுப்பூச்சி இல்லாவிட்டால் இந்தக் குளவிக்கு வாழ்வே இல்லை. ஆகவே ஒரு உயிரை இறக்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது வேறு எதையெல்லாம் தின்னும் என்பது. இன்று அதைத் தனிமைப்படுத்திய கூடங்களில் பார்க்கிறார்கள். களையைத் தின்னும் வண்டு என்றால், அந்தக் களைக்கு நெருங்கிய உறவான செடிகளிலிருந்து தொடங்கி, உள்ளூர்ப் பயிர்கள் வரை ஒவ்வொன்றிலும் பட்டினியோடு விட்டுப் பார்ப்பார்கள். வேறு தீனி இல்லாமல் சாகக் கிடந்தும் தொடவில்லை என்றால்தான் அடுத்த கட்டம். ஒட்டுண்ணிக் குளவி என்றால் அந்தக் குளவியையே தின்னும் இன்னொரு குளவி கூடவே வந்துவிடாமல், தனிமைப்படுத்தி ஒரு தலைமுறையாவது வளர்த்துப் பார்த்த பிறகே வெளியே விடுவார்கள். சர்வதேச அளவில் இதற்கென்று ஒரு நியமமே இருக்கிறது, 2005இல் திருத்தி எழுதியது. நம் நாட்டில் விவசாயத் திணைக்களத்தின் கையில்தான் இந்த வேலை.

இடமும் முக்கியம். நாகதாளியைத் தின்னும் காக்டோபிளாஸ்டிஸ் என்ற அந்துப்பூச்சியை 1926இல் அவுஸ்திரேலியாவில் விட்டார்கள். கோடிக்கணக்கான ஏக்கரில் மண்டியிருந்த நாகதாளி சில வருடங்களில் விழுந்தது. அவுஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கள்ளி இனம் ஒன்றும் இல்லை, அதனால் பயமில்லை. அதே பூச்சியை 1957இல் கரீபியனில் நேவிஸ் தீவில் விட்டார்கள். தீவு தீவாகப் பரவியது. 1989இல் புளோரிடாவில் காணப்பட்டது. அங்கே கள்ளி சொந்தத் தாவரம், மெக்சிகோவிலோ அது சாப்பாடு. ஒரே பூச்சி ஓரிடத்தில் இரட்சகன், இன்னோரிடத்தில் வில்லன்.

நாகதாளி என்றதும் நம்முடைய பழைய கதை ஒன்றும் ஞாபகம் வருகிறது. 1795இல் ஆங்கிலேயர் சிவப்புச் சாயத்துக்காக பிரேசிலிலிருந்து கொச்சினீல் பூச்சியை வங்காளத்துக்குக் கொண்டுவந்தார்கள். வந்தது வேறு இனம், சாயம் உருப்படியாக வரவில்லை. ஆனால் அது ஒருவகைக் கள்ளியை அழித்துக்கொண்டே போனது. அதைப் பார்த்து 1830களில் தென்னிந்தியாவுக்கும், 1860களில் அங்கிருந்து இலங்கைக்கும் கள்ளியை ஒழிக்கவென்றே கொண்டுவந்தார்கள். களையை ஒழிக்க ஒரு பூச்சியை நாடு விட்டு நாடு கொண்டுபோன முதல் சம்பவங்களில் ஒன்று இது. அந்தப் பூச்சியின் அறிவியல் பெயரிலேயே சிலோன் ஒட்டிக்கொண்டது. 1926இல் திருப்பிக் கைமாற்று நடந்தது: வேறுவகை நாகதாளியைத் தின்னும் இன்னொரு கொச்சினீல் இலங்கையிலிருந்து தென்னிந்தியாவுக்குப் போய், அங்கே ஆயிரக்கணக்கான ஏக்கர் முள்ளுக்காட்டைச் சாய்த்தது. ஆக, பாக்கு நீரிணையைத் தாண்டிப் பூச்சி கொண்டுபோகும் யோசனை உங்கள் மச்சானுக்கு முந்தியே பலருக்கு வந்திருக்கிறது. அவர்கள் கையில் சட்டப்புத்தகம் இல்லை, அவ்வளவுதான்.

சரியான இனத்தைக் கண்டுபிடிப்பது எவ்வளவு பெரிய வேலை என்பதற்குச் சல்வீனியா என்ற நீர்க்களையை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அதன் கதை கொழும்பில்தான் தொடங்குகிறது. 1939இல் இங்குள்ள பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியல் துறை, மாணவர்களுக்குக் காட்டுவதற்காக இந்த மிதக்கும் பன்னத்தை வரவழைத்தது. அது அங்கிருந்து தப்பிக் கால்வாய்களுக்குள் போனது, கால்வாயிலிருந்து வயலுக்குப் போனது. பதினைந்து, இருபது வருடங்களில் பல்லாயிரம் ஏக்கர் வயலில் சல்வீனியா. நாற்று நட இறங்குமுன் அதை அள்ளிக் குவிப்பதே பெரிய வேலை. சாதகமான நீரில் சில நாட்களிலேயே இரண்டு மடங்காகும். வித்துப் போடாது, உடைந்த ஒவ்வொரு துண்டும் புதிய செடி. கையால் அள்ள அள்ள உடைந்து பரவியது.

இதைத் தின்னும் பூச்சியைத் தேடிப் போனவர்கள் நீண்டகாலம் தவறான செடியின் பின்னால் போனார்கள். ஆவ்ரிகுலாட்டா என்ற வேறு சல்வீனியா என்று நினைத்து, அந்த இனம் வளரும் இடங்களிலிருந்து பூச்சிகளைப் பிடித்து ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் விட்டுப் பார்த்தார்கள். பயன் சொல்லும்படி இல்லை. 1972இல்தான் இது தனி இனம் என்று பெயர் வைத்தார்கள்: மொலஸ்டா. 1978இல் அதன் சொந்த ஊரைத் தென்கிழக்கு பிரேசிலில் கண்டுபிடித்தார்கள். அங்கே அதன்மேல் ஒரு கூன்வண்டு, நீளம் சுமார் 2 மில்லிமீட்டர். வளர்ந்த வண்டு மொட்டைத் தின்கிறது, குடம்பி தண்டுக்குள் துளைத்துக்கொண்டு போகிறது. 1980இல் குயின்ஸ்லாந்தின் மூண்டாரா ஏரியில் விட்டார்கள். அடுத்த வருட நடுப்பகுதி தாண்டுவதற்குள் 200 ஹெக்டேயரில் கிடந்த ஏறத்தாழ 18,000 தொன் சல்வீனியா அழுகி அடங்கியது. அதுவரை பழைய வண்டு இனம்தான் என்று நினைத்திருந்தார்கள். உற்றுப் பார்த்தபோது அதுவும் புதிய இனம். 1985இல் அதற்கும் பெயர் வைத்தார்கள்: சிர்டோபேகஸ் சல்வீனியே. முன்பு விட்ட வண்டுகள் தோற்றதும் இது வென்றதும் அந்தச் சிறு வித்தியாசத்தால்தான்.

பப்புவா நியூகினியின் செபிக் ஆற்றில் அதே வண்டும் முதலில் பிடிக்கவில்லை. காரணம், நீரில் சத்துக் குறைவு, அதனால் செடியில் நைதரசன் குறைவு, வண்டு பெருகவில்லை. ஆராய்ச்சியாளர்கள் களைக்கு யூரியா போட்டார்கள். ஆமாம், ஒழிக்க வேண்டிய களைக்கு உரம். செடியில் நைதரசன் ஏறியது, வண்டு பெருகியது, பின்னர் தானாகவே ஆறு முழுக்கப் பரவியது. இலங்கைக்கு வண்டு 1986இல் அவுஸ்திரேலிய உதவியோடு வந்தது. பல இடங்களில் சில வருடங்களுக்குள் சல்வீனியா அடங்கியது. பொருளாதாரக் கணக்குப் பார்த்தவர்கள், செலவழித்த ஒவ்வொரு ரூபாவுக்கும் 53 ரூபா திரும்பக் கிடைத்தது என்றார்கள். இன்றும் சல்வீனியா இருக்கிறது, வண்டும் இருக்கிறது. இளைஞர்கள் பலருக்கு அது ஒரு காலத்தில் எவ்வளவு பெரிய தலையிடி என்பதே தெரியாது.

தென்னையிலும் இது நடந்திருக்கிறது. 1970இல் புகுந்த இலைச்சுரங்க வண்டுக்கு சிங்கப்பூரிலிருந்து குளவி வந்து அடுத்த ஓரிரு வருடங்களில் அடக்கியது. 1997இன் கடைசியில் கற்பிட்டியில் கண்ட தென்னைச் சிற்றுண்ணிக்கு லுணுவில தென்னை ஆராய்ச்சி நிலையம் வெளிநாட்டுக்குப் போகாமல், இங்கேயே இருக்கும் இரைகௌவிச் சிற்றுண்ணியை வளர்த்துப் பொதிகளில் கொடுக்கிறது. உள்ளூரிலேயே ஆள் இருந்தால் அதுதான் முதல் தெரிவு.

மலையகத்து உறவுகள் உள்ளவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். தேயிலையில் கொழுந்து இலைகளைச் சுருட்டி ஒட்டி உள்ளிருந்து தின்னும் புழு ஒன்று 1930களில் தோட்டங்களைப் படாதபாடு படுத்தியது. தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1935, 36இல் ஜாவாவிலிருந்து மக்ரோசென்ட்ரஸ் என்ற குளவியைக் கொண்டுவந்தது. புழு அடங்கியது, ஏறத்தாழ மறந்தே போய்விட்டார்கள். பிறகு தண்டு துளைக்கும் வண்டுக்கு டீல்ட்ரின் என்ற மருந்தை அடிக்கத் தொடங்கினார்கள். தண்டுக்குள் இருக்கும் வண்டு எவ்வளவு செத்ததோ, இலைமேல் திரிந்த குளவி செத்தது. சுருட்டுப்புழு மறுபடி கிளம்பியது. ஒரு பூச்சிக்கு அடித்த மருந்து, வேறொரு பூச்சியை எழுப்பிவிட்டது. உங்கள் பப்பாசி விஷயத்தில் நான் மருந்தை இவ்வளவு வலியுறுத்தித் தடுப்பது இதனால்தான். பக்கத்து வீட்டுக்காரர் அரலியாவுக்கு அடிக்கிற மருந்தும் உங்கள் முற்றத்துக் குளவியைக் கொல்லும். அவரோடும் ஒரு வார்த்தை பேசுங்கள்.

கடைசிக் கேள்வி, கால்வாய். ஆகாயத்தாமரை இந்த நாட்டுக்கு வந்தது 1905 வாக்கில், அழகுச் செடியாக. உலகப் போரில் ஜப்பான் விமானிகளை ஏமாற்ற வெள்ளைக்காரன் வளர்த்தது என்று ஒரு கதை உண்டு. நம்ப வேண்டாம், போருக்கு வெகு முன்னரே, 1909இலேயே, அதை ஒழிக்கத் தனிச்சட்டம் போட்டாயிற்று. இதற்கும் வண்டு உண்டு, நியோகெட்டினா என்ற தென்னமெரிக்கக் கூன்வண்டு. 1990களில் ஆபிரிக்காவின் விக்டோரியா ஏரியில் ஆகாயத்தாமரை பெருமளவில் விழுந்ததில் அதற்குப் பெரிய பங்கு. அதை இங்கே விடவில்லை என்பது சரியில்லை. 1980களின் இறுதியிலேயே விட்டார்கள்.

பிறகு ஏன் உங்கள் கால்வாய் பச்சையாகவே கிடக்கிறது? இரண்டு காரணம். கொழும்புக் கால்வாய்களில் ஓடுவது பெரும்பாலும் குசினித் தண்ணீரும் மலக்குழித் தண்ணீரும். செபிக் ஆற்றில் சத்துப் போதவில்லை, இங்கே மிதமிஞ்சிப் போய்விட்டது. வண்டு ஒரு இலையைத் தின்று முடிப்பதற்குள் செடி இரண்டு இலை விடுகிறது. நியோகெட்டினா ஒரு தலைமுறை பெருக இரண்டு மூன்று மாதம் எடுக்கும், செடிக்கு இரண்டு வாரம் போதும். இரண்டாவது, கால்வாயைத் துப்புரவு செய்யும்போது இயந்திரத்தால் ஒரேயடியாக எல்லாவற்றையும் அள்ளிக் கரையில் போடுகிறார்கள். செடியோடு வண்டும், தண்டுக்குள் இருக்கும் குடம்பியும் காய்ந்து சாகின்றன. எங்கோ ஒரு மூலையில் தப்பிய நாலு செடி, வண்டு இல்லாமல், மறுபடி கால்வாயை நிரப்புகிறது. வெள்ளம் வராமல் அள்ளத்தான் வேண்டும், அதில் தவறில்லை. ஆனால் மழைக்கு முன் அள்ளும்போது நீரோட்டத்தை மறிக்காத ஒரு ஓரத்தில் கொஞ்சத்தை விட்டுவைத்தால் வண்டு தொடர்ந்து இருக்கும்.

உங்கள் கால்வாயில் வண்டு இருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். இலையின் மேல் சின்னச் சின்னச் சதுரமாக, மேல்தோலைச் சுரண்டியது போல வெளிறிய தழும்புகள் இருக்கும். பகலில் வண்டைத் தேடாதீர்கள். நடுக்குருத்தின் சுருளுக்குள் ஒளிந்திருக்கும், இரவில்தான் வெளியே வரும். தழும்பு இருந்தால் அடுத்தமுறை துப்புரவுக்கு வருபவர்களிடம் அந்த ஓரத்தை விட்டுவைக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒன்றுமே இல்லையென்றால் பேராதனை கண்ணொறுவையில் உள்ள விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையத்துக்கு எழுதுங்கள், அல்லது உங்கள் பிரதேச விவசாயப் போதனாசிரியரைப் பிடியுங்கள். வேறொரு குளத்திலிருந்து வண்டுள்ள செடியை நீங்களாகவே வாளியில் கொண்டுவந்து போட வேண்டாம். அந்த வாளியில் சல்வீனியாவின் ஒரு துண்டும் சேர்ந்து வரக்கூடும்.